ஸ்டெல்லா அக்காவின் சால்டரிங்கில் தப்பில்லை

தறியில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். பக்கத்தில் வைத்திருந்த கைப்பேசி அதிர்ந்தது. எங்கள் மாடல் ரயில் குழுவின் வாட்ஸப்பில் செயலாளர் சபாபதி செய்தி போட்டிருந்தார்: "நமது குழுவின் அன்புக்குரிய மூத்த உறுப்பினர், மின்னணுக் கலைஞர் திருமதி ஸ்டெல்லா அவர்கள் இன்று காலை இயற்கை எய்தினார்." கீழே மூன்று கும்பிடும் கைகள். அதற்கும் கீழே மற்ற உறுப்பினர்கள் வரிசையாகக் கும்பிட்டிருந்தார்கள்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. ஸ்டெல்லா அக்கா அந்தக் குழுவிலேயே இல்லை. மூன்று வருடங்களுக்கு முன்பு இதே சபாபதி, இதே கைப்பேசியில் ஒரு விரலால் அவரை நீக்கினார். நீக்கும்போது ஒரு கும்பிடுகூடப் போடவில்லை. இப்போது செத்த பிறகு மூத்த உறுப்பினர், அன்புக்குரியவர், கலைஞர். நான் தறியை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன். அன்றைக்கு அதற்குமேல் ஒரு இழைகூட ஓட்டவில்லை.

இறந்தவரைப் பற்றி நல்லதைத்தான் எழுத வேண்டும் என்பார்கள். எழுதுகிறேன். அக்காவைப் பற்றிக் கெட்டதாக எழுத என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் உயிரோடு இருப்பவர்களைப் பற்றி அப்படி ஒரு விதி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் எங்கள் குழுவின் மலரில் இதைப் போட மறுத்துவிட்டார்கள். அக்காவின் மகள் பிரின்சி இதைத் தனியாக அச்சடித்து, சர்ச்சில் நடக்கும் ஞாபகார்த்தக் கூட்டத்தில் கொடுக்கப்போகிறாள். அக்காவை அறிந்தவர்களே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். சபாபதியிடமும் ஒரு பிரதி போய்ச் சேரும் என்று நம்புகிறேன்.

அக்காவைக் கடைசிக் காலத்தில் மட்டும் பார்த்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். அவர் தாமல் கிராமத்துக்காரர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பதினோரு வருடம் பழுதான போர்டுகளைச் சரிசெய்யும் மேசையில் இருந்தார். பிறகு செவிலிமேடு போகும் சாலையில் சொந்தமாக ஒரு கடை போட்டார். மிக்சி, டிவி, இன்வெர்ட்டர், எதுவும் வரும். பூதக்கண்ணாடி விளக்கைத் தலைக்கு மேலே இழுத்து வைத்துக்கொண்டு, நாக்கு நுனியைக் கடித்தபடி குனிந்திருப்பார். அந்தக் கோலம்தான் எனக்கு எப்போதும் ஞாபகத்தில் வருகிறது.

நான் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிறவன். சின்ன வயதிலிருந்து ரயில் பைத்தியம். ஒருமுறை சென்னையில் ஒருவரிடமிருந்து பழைய எஞ்சின் ஒன்றை வாங்கி வந்தேன். ஒரு சாண் நீளம்கூட இருக்காது. இங்கே யாராலும் அதை ஓட வைக்க முடியவில்லை. கடைசியாக அக்காவின் கடைக்கு எடுத்துப்போனேன்.

"இன்னாபா இது, பொம்மையா?" என்றார்.

"பொம்மை இல்லக்கா, மாடல்."

"விக்கிறவங்க மாடல்னுவாங்க, வாங்குனவன் பொண்டாட்டி பொம்மைன்னுவா. குடு இப்படி."

திறந்து பார்த்தார். பிறகு மீட்டரை எடுத்துச் சக்கரத்தில் ஒரு முனையையும் மோட்டாரில் ஒரு முனையையும் வைத்தார். எங்கேயோ ஒரு கம்பி எஞ்சினின் உடம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதை விலக்கி, சால்டரிங் கம்பியால் ஒரு பொட்டு ஈயம் வைத்து ஊதினார். சக்கரத்துக்கு இரண்டு கம்பியால் கரண்டு கொடுத்ததும் எஞ்சின் மேசையின் மேலே கிறுகிறுவென்று ஓடியது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி கை தட்டிச் சிரித்தார். "இதுக்கு ரோடு போட்டியா நீ?" என்றார். தண்டவாளத்தை அவர் எப்போதும் அப்படித்தான் சொல்வார். போடவில்லை என்றேன். "போடு, நான் வரேன்" என்றார்.

இப்படித்தான் அவர் எங்கள் குழுவுக்கு வந்தார். நாங்கள் ஏழெட்டுப் பேர். செயலாளர் சபாபதி ஓய்வு பெற்ற அதிகாரி. செவிலிமேட்டில் அவருடைய புது வீட்டின் மாடியில் பெரிய கூடம் இருந்தது. அங்கேதான் எங்கள் லேஅவுட்டை, அதாவது ரயில் ஓடும் ஒரு குட்டி ஊரை, பெரிய மேசையின் மேல் கட்டினோம். இருபதடி நீளம், ஆறடி அகலம். நம்முடைய ரயில் நிலையம், பாலாறு, தாமல் ஏரி, கோயில் தெரு எல்லாம் அதில் இருந்தன. கோபுரத்தையும் தெருவையும் கார்க்கிலும் அட்டையிலும் நான் செய்தேன். கோபுரத்துக்கு மட்டும் எட்டு மாதம் ஆனது. தண்டவாளத்துக்கு அடியில் ஓடிய அத்தனை கம்பிகளும், எஞ்சின்களின் வயிற்றுக்குள் இருந்த அத்தனையும் அக்காவுடையவை.

பாலாற்றில் நான் கண்ணாடி மாதிரி ஒரு பசையை ஊற்றித் தண்ணீர் ஓட விட்டிருந்தேன். ரொம்பப் பெருமையாகக் கூட்டிப்போய்க் காட்டினேன். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். "பாலாத்துல தண்ணியா? யாரை ஏமாத்திக்கினு இருக்கிற?" என்றார். மறுநாள் இருவருமாக உட்கார்ந்து அத்தனையையும் சுரண்டி எடுத்துவிட்டு மணலைத் தூவினோம்.

ஏரிக்கரை வயலில் நாற்று நடும் பெண்கள் என்று நான்கு பொம்மைகளைச் செய்தேன். ஒவ்வொன்றும் விரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது. குனிந்து நடுகிற மாதிரி வளைத்திருந்தேன். அக்கா ஒரு பொம்மையை விரல் நுனியில் எடுத்துப் பார்த்தார். "நிமிந்து நிக்கிற மாதிரி வைப்பா. எங்கம்மா குனிஞ்சது போதும்" என்றார். நிமிர்த்தி வைத்தேன். அடுத்த வாரம் போனால் அந்த நான்கும் எடுக்கப்பட்டு, கடையில் வாங்கிய மாடுகள் நின்றன. "வயல்ல நின்னு வேடிக்கையா பாப்பாங்க? பார்க்க நல்லா இல்ல" என்று சபாபதி சொன்னார். நாங்கள் யாரும் எதுவும் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த மாடியில் எங்களுக்கெல்லாம் காபி எவர்சில்வர் டம்ளரில் வரும். அக்காவுக்குப் பேப்பர் கப்பில் வரும். முதல் தடவை டம்ளர் பற்றாக்குறை என்று நினைத்தேன். பத்தாவது தடவையும் அப்படி நினைக்க முடியாது. அக்கா பிறகு வீட்டிலிருந்தே பிளாஸ்க் கொண்டுவர ஆரம்பித்தார். "இவங்க காபில சர்க்கரை சாஸ்திபா" என்றார். நான் என் டம்ளர் காபியைக் குடித்து முடித்தேன். என் கையில் இருந்த டம்ளரை அன்றைக்கே கீழே வைத்திருந்தால் இந்த அஞ்சலிக்கு வேறு தலைப்பு வைத்திருப்பேன்.

ஆயுத பூஜைக்கு நம் ஊரில் வண்டிச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவோம் இல்லையா, சபாபதிக்கு நம் எஞ்சினுக்கும் வைக்க வேண்டும். பழம் எஞ்சினைவிட உயரம். எல்லோரும் விழித்துக்கொண்டு நின்றபோது அக்கா பழத்தை நறுக்கி, ஒரு விதையை எடுத்து, பாவாடை நாடா மாதிரி இருந்த அந்தத் தண்டவாளத்தில் வைத்தார். "இவன் சைசுக்கு இதான்பா பழம்" என்றார். எஞ்சின் விதை மேல் ஏறித் தடம் புரண்டு விழுந்தது. அன்றைக்குச் சிரித்த மாதிரி அந்த மாடியில் நாங்கள் வேறு என்றைக்கும் சிரித்ததில்லை.

இப்போது டிகோடர் என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நடந்த அநியாயம் புரியாது. எனக்கு அக்கா சொன்ன மாதிரியே சொல்கிறேன். "உன் தறியில ஓட்டை போட்ட ஜக்கார்டு அட்டை மாட்டுறியே, அது ஒவ்வொரு ஊசிக்கும் சொல்லுது பாரு, நீ எழும்பு, நீ சும்மா இருன்னு? எஞ்சினுக்குள்ள இருக்குற டிகோடரும் அதேதான். ரோட்டுல கரண்டு எப்பவும் இருந்துக்கினேதான் இருக்கும். யாரு ஓடணும், யாரு நிக்கணும்னு டிகோடர் கேட்டுக்கும்." பழைய முறையில் இந்த டிகோடர் கிடையாது. கண்ட்ரோலரைத் திருகினால் தண்டவாளத்தில் மின்சாரம் ஏறும், எஞ்சின் ஓடும். அவ்வளவுதான். இந்த இரண்டு முறையும் ஒரே லேஅவுட்டில் ஒன்றையொன்று தொடவே கூடாது. வெளி வட்டத்தில் புது முறையும் உள் வட்டத்தில் பழைய முறையும் இருந்து, ஒரு வண்டி இங்கிருந்து அங்கே போனால், அதன் சக்கரங்கள் ஒரு நொடி இரண்டையும் இணைத்துவிடும். அந்த நொடியில் டிகோடர்கள் கருகிவிடும். எங்கள் லேஅவுட்டில் இரண்டு வட்டமும் புது முறைதான். அக்கா அப்படித்தான் அமைத்திருந்தார்.

சபாபதியிடம் நீராவி எஞ்சின் மாடல் ஒன்று இருந்தது. மருமகன் ஜெர்மனியிலிருந்து அனுப்பியது. பழைய முறையில் மட்டும் ஓடக்கூடியது. "உள்ள ஒரு டிகோடர் வச்சுட்டா நம்ம ரோட்டுல ஓடும் சார், குடுங்க வச்சுத் தரேன்" என்று அக்கா கேட்டார். "அதை நீங்க தொட வேணாம்மா" என்றார் அவர். மற்ற நான்கு எஞ்சின்களைத் தொடலாம். அவருடைய வீட்டு எஞ்சினைத் தொடக்கூடாது.

லேஅவுட் முடிந்து திறப்பு விழா வைத்தோம். ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி. ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி ஒருவர் தலைமை. அக்கா சர்ச் முடிந்து நேராக வந்தார், வெள்ளைப் புடவையில். உள் வட்டத்தில் சபாபதியின் நீராவி எஞ்சின் நின்றுகொண்டிருந்தது. அழகுக்கு நிறுத்தியிருக்கிறார் என்று அக்கா நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். விளக்கேற்றினார்கள். அக்கா வண்டி ஓட்டும் கருவியைக் கையில் எடுத்து, இரட்டை எஞ்சின் பூட்டிய சரக்கு வண்டியை வெளி வட்டத்தில் ஒரு சுற்று விட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். அப்போது என்னிடம் ஒரு கைகாட்டி விளக்கு எரியவில்லை என்று சொன்னார்கள். மேசைக்கு அடியில் புகுந்தேன்.

அடியில் புகுந்ததும் பார்த்தேன். உள் வட்டத்துக்கு அக்கா போட்டிருந்த இரண்டு கம்பிகள் கழற்றித் தொங்கவிடப்பட்டிருந்தன. அவற்றின் இடத்தில் சபாபதியின் பழைய கண்ட்ரோலரிலிருந்து வந்த இரண்டு கம்பிகள் இருந்தன. தலைவர் முன்னால் தன் நீராவி எஞ்சினைத் திடீரென்று ஓட விட்டு அசத்த வேண்டும் என்று மனுஷன் காலையிலேயே மாட்டி வைத்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. நான் "அக்கா" என்று கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் சரக்கு வண்டியை உள் வட்டத்துக்குத் திருப்பிவிட்டார். மேலே படீர் என்று ஒரு சத்தம் கேட்டது.

சரக்கு வண்டியின் இரண்டு எஞ்சின்களும் போயின. வெளி வட்டத்தின் பக்கத் தடத்தில் நின்ற இரண்டும் போயின. நான்கு டிகோடர்கள், அக்காவின் ஒன்றரை வருட வேலை. மேலே கூச்சல். நான் இன்னும் அடியில்தான் இருந்தேன். மறுபக்கத்திலிருந்து ஒரு கை உள்ளே வந்தது. பச்சைக்கல் மோதிரம் போட்ட கை. பழைய கண்ட்ரோலர் கம்பிகளை உருவியது, தொங்கிய கம்பிகளைத் திரும்ப மாட்டியது, வெளியே போனது. சபாபதியின் கை. என்னை அது பார்க்கவில்லை.

நான் வெளியே வந்தபோது அவர் தலைவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "சால்டரிங் சரியில்ல சார். இங்க லோக்கல்ல பண்ணது. நான் அப்பவே சொன்னேன்." அக்கா மீட்டரை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார். அவர் எங்களுக்கு எப்போதும் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு: "மீட்டர் வச்சுப் பாக்காம யாரையும் குத்தம் சொல்லக் கூடாதுபா." அன்றைக்கு அவரைக் குற்றம் சொன்னார்கள், மீட்டரையும் வைக்க விடவில்லை. "போதும்மா, பெரியவங்க முன்னாடி வேணாம், நீங்க கிளம்புங்க" என்றார் சபாபதி. அக்கா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். என்னிடம் வந்ததும் அந்தப் பார்வை கொஞ்சம் நின்றது. நான் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஏன் வாயைத் திறக்கவில்லை? இந்தக் கேள்வியை உங்களுக்கு முன் நானே கேட்டுவிடுகிறேன். சபாபதிக்கு நான் பயப்பட வேண்டிய காரணம் எதுவும் இல்லை. என் பிழைப்பு அவர் கையில் இல்லை. ஆனால் லேஅவுட் அவர் வீட்டு மாடியில் இருந்தது. சண்டை வந்தால் என் கோபுரமும் என் தெருவும் அங்கேயே மாட்டிக்கொள்ளும். இருபதடி மேசையைப் படியில் இறக்கவே முடியாது. ஒரு மனுஷியையும் ஒரு அட்டைக் கோபுரத்தையும் வைத்துப் பார்த்து, நான் கோபுரத்தை எடுத்துக்கொண்டேன்.

எரிந்த நான்கு டிகோடர்களையும் அக்கா கடைக்கு எடுத்துப்போய்ப் பூதக்கண்ணாடியில் பார்த்திருக்கிறார். ஒரு வாரம் கழித்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் வைத்த ஒவ்வொரு ஈயப் பற்றும் பளபளவென்று அப்படியே இருந்தது. மின்சாரம் உள்ளே நுழைகிற இடம் மட்டும் கரிந்திருந்தது.

"வெளிய இருந்து வந்துருக்குதுபா. ரோட்டுல எவனோ வேற கரண்டு விட்டுருக்கான். நீ அடியிலதானே இருந்த? இன்னா பாத்த?"

"ஒண்ணும் பாக்கலக்கா" என்றேன்.

அவர் விளக்கை அணைத்தார். "சரி, போய் வா" என்றார். அதற்குப் பிறகு மூன்று வருடம் அந்தச் சாலை வழியாகப் போகும்போது நான் சைக்கிளை வேகமாக மிதிப்பேன்.

சபாபதி அந்த விழாக் கதையைப் போகிற இடமெல்லாம் சொன்னார். "அந்தம்மா கை சரியில்லப்பா, எங்க நாலு எஞ்சினைக் கொளுத்திட்டாங்க." செவிலிமேட்டுப் புது வீடுகளில் இருந்து டிவியும் இன்வெர்ட்டரும் அக்கா கடைக்கு வருவது நின்றது. கடை வேலை மிக்சியும் இஸ்திரிப் பெட்டியுமாகத் தேய்ந்தது. தொழிற்சாலையில் எறும்புக்கால் பருமன் கம்பியைப் பற்றவைத்த கை அது.

இந்த வருடம் அவருக்கு உடம்பு முடியாமல் போனது. பிரின்சி சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போனேன். பாதிரியார் ஜெபம் செய்துவிட்டு அப்போதுதான் வெளியே வந்தார். அக்கா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"பாஸ்டர் எல்லாரையும் மன்னிச்சுடுன்றாரு. பாக்கி எல்லாரையும் மன்னிச்சுட்டேன்" என்றார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கம்பி, மோதிரம், கை. சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"தெரியும்பா. அன்னிக்குக் கடையில உன் மூஞ்சிலயே எழுதி இருந்துச்சு."

"மன்னிச்சுடுங்கக்கா."

"மாட்டேன்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "என்னாண்ட சொல்லி இன்னா பண்றது? எனக்குத்தான் தெரியுமே. அந்த மாடியில, அதே ஆளுங்க முன்னாடி, அவரு வாயால வரணும். என் சால்டரிங்ல தப்பில்லன்னு வரணும். அத பண்ணு."

செய்கிறேன் என்றேன். அதற்குப் பிறகு அக்கா பதினாறு நாள் இருந்தார். இந்த வாரம் போகலாம், வேண்டாம், வரும் ஞாயிறு போகலாம் என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். பதினேழாம் நாள் காலையில்தான் அந்த வாட்ஸப் செய்தி வந்தது. அக்கா எல்லோரையும் மன்னித்துவிட்டுப் போனார் என்று கல்லறையில் ஒருவர் பேசினார். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். இருவரை அவர் மன்னிக்கவில்லை.

சபாபதி தன் மாடியிலேயே இரங்கல் கூட்டம் ஏற்பாடு செய்தார். படத்தைத் திறந்து வைப்பவர் அவரே. நினைவாக ரயில் ஓட்டப்படும் என்று அழைப்பில் இருந்தது. என்னைக் கூப்பிட்டு, "நீங்க பழகினவர், ரெண்டு நல்ல வார்த்தை சொல்லுங்க, வண்டியையும் நீங்களே ஓட்டிடுங்க" என்றார். எந்த வண்டி சார் என்றேன். அவருடைய ஜெர்மனி எஞ்சின்தானாம். போன வருடம் சென்னையில் ஒருவரிடம் கொடுத்து டிகோடர் வைத்துவிட்டாராம். அக்கா தொடக் கூடாது என்ற எஞ்சின், அக்காவின் நினைவாக ஓடப்போகிறது. சரி சார், நானே ஓட்டுகிறேன் என்றேன். எனக்கு அந்த நிமிடத்தில் எல்லாம் தெளிவாகிவிட்டது.

கூட்டத்தன்று முதல் ஆளாகப் போனேன். நாற்காலி போடுவதற்கு முன் மேசைக்கு அடியில் புகுந்து வேலையை முடித்தேன். இரண்டு நிமிட வேலை. சபாபதியின் பழைய கண்ட்ரோலர் கூடத்து அலமாரியில்தான் இருந்தது.

நாற்பது பேர் வந்திருந்தார்கள். அன்றைக்குத் திறப்பு விழாவுக்கு வந்தவர்களில் பாதிப்பேர் இருந்தார்கள். பிரின்சி முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சபாபதி படத்தைத் திறந்து பேசினார். "கலைஞர்னா தவறு நடக்கும். அவங்க கையாலயும் ஒரு சின்ன தவறு நடந்துச்சு. அதை நாங்க எப்பவோ மன்னிச்சுட்டோம்" என்றார். பிரின்சியின் தலை குனிந்தது. இவர் அவரை மன்னிக்கிறாராம்.

என் முறை வந்தது. கருவியைக் கையில் எடுத்துக்கொண்டேன். நல்ல வார்த்தை எதுவும் சொல்லவில்லை. "உள் வட்டத்தில் சாரோட பழைய கண்ட்ரோலரை மாட்டியிருக்கிறேன். சாரோட எஞ்சின் இப்போது வெளி வட்டத்திலிருந்து கிளம்பி உள் வட்டத்துக்குள் போகும்" என்று மட்டும் சொன்னேன். எஞ்சினை மெதுவாகக் கிளப்பினேன். நாற்பது பேரும் சாதாரணமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னது அந்தக் கூடத்தில் ஒரே ஒருவருக்குத்தான் புரிய முடியும்.

"ஏகாம்பரம்! நிறுத்துப்பா! உள்ள போனா எரிஞ்சிடும்!" என்று என் பெயரைச் சொல்லிக் கத்தினார் சபாபதி.

"ஏன் சார் எரியும்? சென்னைல பண்ண சால்டரிங்தானே?"

"சால்டரிங் இல்லப்பா, ரெண்டு கரண்டும் ஒண்ணா சேந்துடும், டிகோடர் போயிடும்!"

"அது உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

எஞ்சின் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. அவர் மேசையைச் சுற்றி வரப் பார்த்தார். நாற்காலிகள் குறுக்கே இருந்தன. "அன்னிக்குத்தான் பார்த்தோமே..." என்று ஆரம்பித்து அப்படியே நின்றார்.

பிரின்சி எழுந்தாள். "அன்னிக்கு இன்னா சார் ஆச்சு?"

எஞ்சின் கோயில் தெருவை ஒட்டி வந்துகொண்டிருந்தது. "நிறுத்தச் சொல்லும்மா, சொல்றேன்" என்றார். நான் நிறுத்தவில்லை. "நான்தான்மா... நான்தான் பழைய கண்ட்ரோலரை மாட்டினேன். உங்கம்மா சால்டரிங்ல ஒண்ணும் தப்பில்ல. போதுமா? நிறுத்துய்யா!"

போதும்தான். என் விரல் பொத்தானின் மேலேயே இருந்தது. அழுத்தினால் நின்றிருக்கும். நாளைக்கு இதே மனுஷன், பதற்றத்தில் என்னவோ உளறிவிட்டேன் என்று நான்கு பேரிடம் சொல்லலாம். எஞ்சின் எரியாமலேகூடப் போயிருக்கலாம் என்று சொல்லலாம். அதற்கு நான் இடம் கொடுக்கவில்லை. எஞ்சின் உள் வட்டத்துக்குள் நுழைந்தது. அதே படீர். புகைபோக்கியிலிருந்து ஒரு முறைகூடப் புகை விட்டிராத அந்த நீராவி எஞ்சின் முதல்முறையாகப் புகை விட்டது.

நான் செய்தது அதிகம் என்று சிலர் சொல்கிறார்கள். இரங்கல் கூட்டத்தில் இப்படியா என்கிறார்கள். எனக்குத் துளியும் வருத்தமில்லை. அன்றைக்குச் சபாபதி அந்தச் சின்ன எஞ்சினை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்ற கோலத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு நன்றாக இறங்குகிறது. அதை மறைத்துப் பெரிய மனுஷனாக எழுத நான் தயாரில்லை. மறுநாள் என்னைக் குழுவிலிருந்து நீக்கினார். மாடிக்குப் பூட்டுப் போட்டுவிட்டார். என் கோபுரம் உள்ளே இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

அன்றைக்குக் கூட்டம் முடிந்து படியில் இறங்கும்போது பிரின்சிக்காக நின்றேன். ஏதோ ஒரு நன்றி, ஒரு நல்ல வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அவள் அம்மாவின் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். என் முன்னால் நின்றாள்.

"ரெண்டு நிமிஷ வேலைதானே அங்கிள் இது? அம்மா இருக்கும்போது ஏன் பண்ணல?"

கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு அவள் போய்விட்டாள்.

அக்காவின் மேசையும் பூதக்கண்ணாடி விளக்கும் மீட்டரும் பிரின்சியிடம் இருக்கின்றன. அவை அவளுக்குத்தான் சேர வேண்டும். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவருடைய கோபத்தை. சபாபதியின் மேல் அது தீர்ந்துவிட்டது. என் மேல் தீரவில்லை. நான் இருக்கும்வரை தீரவும் விட மாட்டேன்.